களி தின்றும் சர்க்கரை ஏறுகிறதே?

பென்னாகரத்துப் பையன்:
அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை வந்ததிலிருந்து சோற்றைத் தொடுவதில்லை. இரண்டு வேளையும் கேழ்வரகுக் களிதான். நேற்று சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் 240! "கருவி கெட்டுவிட்டது" என்கிறார். களியுமா சர்க்கரையை ஏற்றும்?

கிருஷ்ணகிரி செவிலியர் (ஓய்வு):
கருவியைத் திட்டாதீர்கள் தம்பி. 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து. அரிசியைவிடச் சற்றுதான் குறைவு. மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் கலக்கும். இன்சுலின்தான் அதைத் தசைக்குள் அனுப்பும், கல்லீரலில் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையாகச் சேர்க்கும். அந்த வேலை அப்பாவுக்கு மந்தம். கேழ்வரகின் பெருமை நார்ச்சத்தும் கால்சியமும். அதற்காக அளவில்லாமல் தின்னலாமா? உருண்டை எவ்வளவு பெரியது?

பாலக்கோட்டு மருமகள்:
என் மாமனாரும் இதே கதைதான். களியைப் பாதியாக்கி, கீரைக் கடைசலையும் மொச்சைக் குழம்பையும் கூட்டினேன். கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் விரைவாக ஏறியது.

பென்னாகரத்துப் பையன்:
அம்மாவிடம் கேட்டேன். வேளைக்கு இரண்டு உருண்டை, மொத்தம் கால் கிலோ மாவு! போதாக்குறைக்குத் திண்ணையில் செந்தூரா மாம்பழத் தோலும் கிடந்தது.

கிருஷ்ணகிரி செவிலியர் (ஓய்வு):
அதானே பார்த்தேன்! முதலில் ஓர் உருண்டையைக் குறையுங்கள். மாத்திரையை நீங்களாக மாற்ற வேண்டாம். மருத்துவரிடம் இந்த 240-ஐக் காட்டுங்கள். மாம்பழத்தை நான் கேட்டதாகச் சொல்லி இங்கே அனுப்பிவிடுங்கள்.