கூடைப்பந்தில், தான் காக்க வேண்டியவரை விட்டு உதவிக்குப் போய் ஆட்டத்தைக் கோட்டைவிட்ட அனுபவம் உண்டா?

மூலைக்காரன்:
இறுதி ஆட்டம். 9 விநாடி மீதம், நாங்கள் 2 புள்ளி முன்னிலை. அவர்களுடைய கார்டு (பந்தைக் கொண்டுவருபவர்) எங்கள் ஆளைத் தாண்டி, கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடான பேஸ்லைன் ஓரமாக உள்ளே வந்துவிட்டார். நான் காக்க வேண்டியவர் அதே பக்க மூலையில் நின்றார். அவரை விட்டு இரண்டடி உள்ளே போனேன். பந்து தரையில் ஒருமுறை தட்டி என்னைக் கடந்தது. அதன் சொரசொரப்பு விரல்நுனியில் உரசியது இன்னும் நினைவிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் மூலையில் இருந்தவர் பாதங்களைச் சரிசெய்து, அவசரமே இல்லாமல் எறிகிறார். மூன்று புள்ளி. ஒரு புள்ளியில் தோற்றோம். நான் நகராமல் இருந்திருந்தால் கூடைக்கு அருகிலிருந்து போடும் வெறும் லே-அப், இரண்டு புள்ளி, ஆட்டம் சமன். இரண்டு வருடமாக இந்தக் கணக்கு என்னைத் தூங்க விடவில்லை.

கீழ்க்காவல்:
பந்து இருக்கும் பக்கத்து மூலையை விட்டு உதவிக்குப் போகவே கூடாது. சர்வதேச விதிப்படி வளைவில் மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர், மூலையில் 6.60 மீட்டர்தான். பாஸும் குட்டையானது, திரும்பி ஓட நேரமே கிடைக்காது. உதவி எதிர்ப்பக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.

அப்படிச் சரியாகப் போனவன் நான். குறுக்கே வந்து ஓட்டத்தை நிறுத்தினேன். நான் விட்டுவந்தவரைப் பார்க்க கூடையிலிருந்து தள்ளி மேலே இருந்த எங்கள் இருவரில் ஒருவர் இறங்க வேண்டும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வை முடிவதற்குள் பந்து என் தலைக்கு மேலே போய்க் கூடைக்குள் விழுந்துவிட்டது. பயிற்சியாளர் திட்டியது என்னை!

கார்டு 7:
நான் மறுபக்கத்தில், கையில் பந்தோடு மாட்டியவன். நடுக்கோட்டைத் தாண்டியதும் ஓரக்கோட்டை ஒட்டி இருவர் என்னை மடக்கினார்கள். பின்னால் நடுக்கோடு, பக்கத்தில் ஓரக்கோடு. இரண்டுமே அவர்களுக்குக் கூடுதல் ஆட்கள் மாதிரி. பதறிப்போய் டிரிபிளை (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வதை) நிறுத்தினேன். அதுதான் பிழை. நடுவர் 5 விநாடி எண்ணக் கையை வீச ஆரம்பித்தார். எங்கள் ஆள் நடுவில் தனியாக நின்று கத்துகிறார். நான்கு கைகளுக்கு இடையே அவருடைய சட்டை எண் மட்டும் தெரிகிறது, ஒரு கணம் தெரிந்து மறைகிறது. தூக்கி எறிந்தேன். அவர்களுடைய மூன்றாவது ஆள் அதற்காகவே காத்திருந்தார்.

பயிற்சிக்களம்:
என் கதை சிறியது. எதிரணியின் சிறந்த வீரரை ஆட்டம் முழுவதும் இரட்டைத் தடுப்பில் வைத்து அடக்கினோம். ஆனால் யாருமே கணக்கில் எடுக்காத ஒருவர் எங்களைத் தோற்கடித்தார்.

அதனால் சொல்கிறேன். இருவர் ஒருவரைச் சூழ்ந்தால் மீதி மூவர் நால்வரைக் காக்க வேண்டும். பந்துக்கு மிக அருகில் இருக்கும் இருவரை முதலில் மூடுங்கள். தூரத்தில் இருப்பவருக்கு எறியும் பந்து காற்றில் இருக்கும்போது ஓடிச் சேர்ந்துவிடலாம். சூழும் இருவரின் முழங்கால்களுக்கு நடுவே இடைவெளி விடாதீர்கள், அதன் வழியாகத்தான் பந்து வைத்திருப்பவர் பிளந்துகொண்டு போவார். பந்தைத் தட்டிப் பறிக்க நினைக்காதீர்கள், ஃபௌல் ஆகும். கையை உயர்த்தி நின்றாலே போதும். அவர் முதுகைத் திருப்பும்போது, அவர் பார்க்காத பக்கத்திலிருந்து போங்கள். போவதற்கு முன் கத்துங்கள். கத்தாத உதவி உதவியே அல்ல.

மூலைக்காரருக்கு ஒன்று. 2019 என்.பி.ஏ. (வட அமெரிக்கத் தொழில்முறை லீக்) இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில் ராப்டர்ஸ் அணி 2 புள்ளி பின்தங்கியிருந்தபோது, எதிரணியான வாரியர்ஸின் ஸ்டீபன் கறியை அவர்களில் இருவர் மடக்கினார்கள். பந்து கறியின் சக வீரர் லிவிங்ஸ்டன் கைக்குப் போய், அங்கிருந்து தனியாக நின்ற இகுடாலாவிடம் வந்தது. மூன்று புள்ளி, ஆட்டம் முடிந்தது. அந்த மேடையிலேயே இது நடக்கிறது.

கீழ்க்காவல்:
அது வேறு. கறியை மடக்கத் தெரிந்தே எடுத்த முடிவு அது. இங்கே 2 புள்ளி முன்னிலையில் மூலையை விட்டிருக்கிறார். மூலைக்காரரே, எதிர்ப்பக்கத்தில் உங்கள் ஆள் யார்? அவர் வரவில்லையா?

மூலைக்காரன்:
எங்கள் சென்டர் (கூடைக்கு அருகே ஆடுபவர்). வந்துகொண்டிருந்தார். பிறகு காணொளியில் பார்த்தேன். நான் முதல் அடி வைத்தபோதே அவருடைய இடதுகால் கூடைக்கு அடியில் வந்துவிட்டது. "நான் இருக்கிறேன்" என்று அவர் கத்துவது காணொளியில் தெளிவாகக் கேட்கிறது. அன்று எனக்குக் கேட்கவில்லை.