தாமஸ் டார்சி: காஸ்பெல் இசையின் தந்தையா, கெட்டிக்கார வியாபாரியா?

பழையதட்டு:
தாமஸ் ஏ. டார்சியை (1899–1993) ‘காஸ்பெல் இசையின் தந்தை’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். காஸ்பெல் என்றால் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாட்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. பிலடெல்பியாவில் போதகர் சார்லஸ் ஆல்பர்ட் டிண்ட்லி 1900களின் தொடக்கத்திலேயே இந்த வகைப் பாடல்களை எழுதி அச்சிட்டுவிட்டார். அப்புறம், 1928இல் ப்ளூஸ் (கறுப்பினத்தவரின் சோகமும் கேளிக்கையும் கலந்த பாட்டு) கலைஞர் டாம்பா ரெட்டோடு சேர்ந்து இரட்டை அர்த்தப் பாட்டுப் பாடிக் காசு பார்த்த ‘ஜார்ஜியா டாம்’ யார்? இதே டார்சிதான். ஆள் பார்த்துச் சரக்கை மாற்றினார், அவ்வளவுதான்.

ஞாயிறு_ஆல்டோ:
‘அவ்வளவுதான்’ என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்களே சார்! ஜார்ஜியாவில் வில்லா ரிக்கா என்ற ஊர். அப்பா பாப்டிஸ்ட் போதகர், அம்மா ஆர்கன் வாசிப்பவர். அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கோயில் பாட்டு இடையில் வந்து ஒட்டியதா? ப்ளூஸ் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்துக் கொண்டிருந்தவர், மனம் நொடிந்து நெடுநாள் வாசிக்கவே முடியாமல் கிடந்தார். 1932 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸில் எழுப்புதல் கூட்டத்தில் இருந்தபோது தந்தி வருகிறது: பிரசவத்தில் மனைவி நெட்டி இறந்துவிட்டார். சிகாகோவுக்கு ஓடி வந்தால் பிறந்த குழந்தையும் தங்கவில்லை. ‘டேக் மை ஹேண்ட், பிரெஷியஸ் லார்ட்’ பிறந்தது அந்தத் துக்கத்தில். அதுவும் சரக்கா?

பழையதட்டு:
துக்கத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அந்த மெட்டின் அடிப்படை ‘மெய்ட்லண்ட்’ என்ற 19ஆம் நூற்றாண்டுத் துதிப்பாடல் மெட்டு. வரிகள் அவருடையவை, மறுக்கவில்லை. மெட்டையே இன்னொரு இடத்திலிருந்து எடுத்தவருக்குத் ‘தந்தை’ பட்டம் எதற்கு?

அச்சுமை:
ரெண்டு பேரும் பாட்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள். கடையைப் பாருங்கள். கறுப்பினத்தவரின் காஸ்பெல் பாடல்களுக்கென்றே தனிப் பதிப்பகம் கிடையாத காலம். 1932இல் சிகாகோவில் டார்சி சொந்தமாக ஒன்று தொடங்குகிறார். விற்றது தடித்த பாட்டுப் புத்தகம் அல்ல. ஒரு பாட்டு, ஒரு தாள், பத்து சென்ட். பொருளாதார மந்தத்தில் வேலையில்லாதவர்கூட ஞாயிறு ஆராதனை முடிந்து வாங்கிவிடலாம்.

தாளைச் சும்மா நீட்டினால் யார் வாங்குவார்கள்? டார்சி பியானோவில் உட்கார, பாடகி ஒருவர் நின்று பாடிக் காட்டுவார். கூட்டம் உருகி நிற்கும்போதே தாள் கைமாறும். 1940களில் காஸ்பெல் பாடகி மஹாலியா ஜாக்சனும் அவரோடு ஊர் ஊராகப் போய் இப்படிப் பாடியிருக்கிறார். தாளில் இருப்பது எலும்புக்கூடுதான். சதையும் உயிரும் பாடுபவர் கொடுக்க வேண்டும். டார்சி அதைத் தெரிந்தேதான் எளிமையாக அச்சடித்தார். அதனால்தான் நோட்டு சரியாகப் படிக்கத் தெரியாத பாடகர் குழுவுக்கும் அது ஓடியது.

‘வியாபாரி’ என்று திட்டுகிறீர்கள். எனக்கு அது பாராட்டு. டிண்ட்லியின் பாட்டுகள் அருமை, டார்சியே அவரை முன்னோடியாக மதித்தவர். ஆனால் பாட்டு எழுதுவது ஒன்று, ஊருக்கு ஊர் காஸ்பெல் பாடகர் குழு உண்டாக்கி, அவர்களுக்கென்று ஒரு தேசிய மாநாடு அமைத்து, அங்கேயே புதுப் பாட்டை அறிமுகம் செய்வது இன்னொன்று. சிகாகோவின் பில்கிரிம் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பல பத்தாண்டுகள் பாடகர் குழுவை நடத்தினார். ப்ளூஸ் வாடை அடிக்கிறது என்று பல தேவாலயங்கள் முதலில் அவரை வாசலோடு திருப்பி அனுப்பியதையும் சேர்த்துப் பாருங்கள்.

பழையதட்டு:
வாடை அடித்தது உண்மைதானே! தாளம், வளைத்து இழுக்கும் சுரம் எல்லாம் மா ரெய்னி மேடையிலிருந்து வந்தவை.

ஞாயிறு_ஆல்டோ:
வந்தால் என்ன? 1968 ஏப்ரல் 4, மெம்ஃபிஸ். சுடப்படுவதற்குச் சற்று முன்பு மார்ட்டின் லூதர் கிங், அன்றிரவுக் கூட்டத்தில் ‘பிரெஷியஸ் லார்ட்’ வாசிக்கும்படி இசைக்கலைஞர் பென் பிராஞ்சிடம் கேட்டுக்கொண்டார். வாடை பார்த்தா கேட்டார்?

மூணாவது_பெஞ்ச்:
நான் குறுக்கே வரலாமா? கடை பற்றி இவ்வளவு பேசிய அச்சுமை அண்ணன், பாடகி சாலி மார்ட்டின் பெயரை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. டார்சிக்குக் காசுக் கணக்கில் அக்கறை குறைவு. கடையை ஒழுங்குபடுத்தியது அந்த அம்மா. ஊர் ஊராகப் போய்ப் பாடி, குழுக்களை உருவாக்கி, தாள் விற்றதும் அவரே. குரல் கரடுமுரடு என்று ஆரம்பத்தில் டார்சி தயங்கினார் வேறு!

அச்சுமை:
அவர் பங்கு பெரியதுதான். ஆனால் பாட்டு டார்சியுடையது. நிர்வாகம் செய்தவர் வேறு, உருவாக்கியவர் வேறு.

மூணாவது_பெஞ்ச்:
இது நல்ல கதையாக இருக்கிறதே அண்ணே. டிண்ட்லிக்கு எதிராகப் பேசும்போது கடைதான் பெரிது, சாலி வந்ததும் பாட்டுதான் பெரிதா? அவர் 1940இல் விலகி, இசையமைப்பாளர் கென்னத் மாரிஸோடு சேர்ந்து சிகாகோவிலேயே சொந்தப் பதிப்பகம் தொடங்கி, டார்சிக்கே போட்டியாக நடத்திக் காட்டினார். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?