நிகர மின்னோட்டம் மறைத்தவை: சதுர அலை வோல்ட்டாமெட்ரியில் எங்கள் அனுபவங்கள்

தொடக்கப் பகிர்வு (ஆய்வு மாணவி)

கிணற்று நீரில் ஈயத்தை அளப்பதற்காக மூன்று மாதங்களாகச் சதுர அலை வோல்ட்டாமெட்ரியைக் கையாண்டு வருகிறேன். மின்முனையின் மின்னழுத்தத்தைப் படிப்படியாக நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் முன்னும் பின்னுமாகச் சதுர அலையாக மாற்றி, இரு அரை அலைகளிலும் வரும் ஓட்டங்களின் (முன்னோக்கு, பின்னோக்கு) வித்தியாசத்தை, அதாவது நிகர மின்னோட்டத்தை, வரையும் முறை இது. 3 மி.மீ. விட்டமுள்ள கிளாசி கார்பன் மின்முனையில் பிஸ்மத் படலத்தைப் படியவைத்து, −1.2 வோல்ட்டில் இரண்டு நிமிடம் கரைசலைக் கலக்கியபடி ஈயத்தைச் சேர்த்து, பின்னர் மின்னழுத்தத்தை நேர்த்திசையில் ஏற்றி அதைக் கரைத்தெடுப்பது என் முறை. வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனையை வைத்துப் பார்த்தால் −0.5 வோல்ட்டை ஒட்டி மின்னோட்ட வரைபடத்தில் ஈயத்தின் முகடு எழும். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500 குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஈயத்தையே ஏற்பதால், அதற்கும் கீழே நம்பிக்கையோடு அளக்க வேண்டியிருந்தது.

மாதிரி நீர் சேர்க்காத வெற்றுக் கரைசலிலேயே ஈய முகடு தெரிந்ததுதான் முதல் தலைவலி. பிஎச்சை (அமிலத்தன்மையை) 4.5-இல் நிறுத்தும் தாங்கல் கரைசலுக்காக நான் பயன்படுத்திய அசிட்டேட் உப்பிலேயே ஈயம் இருந்திருக்கிறது. அதைத் தவிர்க்கத் தாங்கல் கரைசலின் செறிவை 0.1 மோலாரிலிருந்து 0.005 மோலாருக்குக் குறைத்தேன். வெற்றுக் கரைசல் சுத்தமாயிற்று. மாதிரியின் முகடும் சிறுத்துவிட்டதால், அதை ஈடுகட்ட அதிர்வெண்ணை 25 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினேன். அதிர்வெண் நான்கு மடங்கானால் முகடு இரு மடங்காவது வளர வேண்டும். மெல்லிய படலத்தில் அதற்கு மேலும் எதிர்பார்க்கலாம். எனக்கோ அது வளரவே இல்லை. அகன்று, நேர்த்திசையில் ஏறத்தாழ 40 மில்லிவோல்ட் நகர்ந்து, சாய்ந்த அடிக்கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. மின்முனையைப் பலமுறை அலுமினாவால் மெருகேற்றியும் பயனில்லை. இப்படி யாருக்கேனும் நேர்ந்திருக்கிறதா?

மறுமொழி (கருவியியல் பயிற்றுநர்)

குற்றம் மின்முனையில் இல்லை, அம்மா. கரைசலின் மின்தடையில் இருக்கிறது. நானும் ஒரு கோடை விடுமுறை முழுவதும் மெருகேற்றியே காலத்தைக் கழித்தவன் என்பதால் இதை உரிமையோடு சொல்கிறேன்.

இந்த முறையின் உயிர் ஒரு சிறு காலக் கணக்கில் இருக்கிறது. மின்னழுத்தத்தைத் திடீரென மாற்றும்போது மின்முனைப் பரப்பை மின்னேற்றும் ஓட்டம் அடுக்குக்குறி வேகத்தில் அடங்கிவிடும். வினையால் வரும் ஃபாரடே ஓட்டமோ நேரத்தின் இருமடி மூலத்துக்கு எதிர்விகிதமாக மெதுவாகத் தேயும். எனவே ஒவ்வொரு அரை அலையின் கடைசி நொடித்துளியில் அளந்தால் வேண்டாதது அடங்கியிருக்கும், வேண்டியது மிஞ்சியிருக்கும். பார்க்கரும் ஜென்கின்ஸும் 1952-இல் சொட்டும் பாதரச மின்முனைக்கு இந்த உத்தியைக் கொண்டுவந்தார்கள். இன்று நம் பொட்டன்ஷியோஸ்டாட்டுகளில் (மின்முனையின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளில்) இருக்கும் படிக்கட்டு வடிவம் 1969-இல் ராமலி, கிராஸ் ஆகியோரின் கோட்பாட்டாலும், பின்னர் ஆஸ்டர்யங் தம்பதியரின் உழைப்பாலும் நிலைபெற்றது.

உங்கள் எண்களை இதில் பொருத்திப் பாருங்கள். 3 மி.மீ. வட்டின் பரப்பு சுமார் 0.07 சதுர செ.மீ.; ஒரு சதுர செ.மீ.க்கு 20 மைக்ரோஃபாரட் என்று கொண்டால் மின்தேக்குத்திறன் 1.4 மைக்ரோஃபாரட். 0.1 மோலார் தாங்கல் கரைசலில் மின்தடை சில நூறு ஓம். நீர்த்த கரைசலில் அது 2000 ஓமைத் தொடுகிறது என்று வைத்தால், இரண்டையும் பெருக்கக் கிடைக்கும் காலமாறிலி (மின்னேற்ற ஓட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம்) 2.8 மில்லிநொடி. 25 ஹெர்ட்ஸில் அரை அலை 20 மில்லிநொடி என்பதால் ஏழு காலமாறிலிகள் கழிந்துவிடுகின்றன, மின்னேற்ற ஓட்டம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. 100 ஹெர்ட்ஸில் அரை அலை வெறும் 5 மில்லிநொடி. ஆறில் ஒரு பங்கு அப்படியே நிற்கும். சாய்ந்த அடிக்கோட்டுக்குக் காரணம் இதுவே. அகலமும் நகர்வும் அதே மின்தடையில் விழும் மின்னழுத்த இழப்பின் விளைவு.

இன்னொன்று: பல கிணற்று நீர்களில் பைகார்பனேட்டே லிட்டருக்குச் சில மில்லிமோல் இருக்கும். 0.005 மோலார் தாங்கல் அதற்கு ஈடுகொடுக்காது. கலந்த பிறகு பிஎச் 4.5-இல்தான் நிற்கிறதா என்று அளந்தீர்களா?

மறுமொழி (கல்லூரி ஆசிரியர்)

முன்னோக்கு ஓட்டத்தையும் பின்னோக்கு ஓட்டத்தையும் தனித்தனியே வரைந்து பார்ப்பதை நான் மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறேன். அதற்குக் காரணம் நெல்லிக்காய்ச் சாறு. அதில் வைட்டமின் சி-யை அளந்த ஒரு மாணவர், அழகான மணி வடிவ முகட்டைக் காட்டி, வினை மீள்தன்மையுடையது (இரு திசையிலும் நடக்கக்கூடியது) என்று அறிக்கையில் எழுதியிருந்தார். கருவி திரையில் காட்டியது இரு ஓட்டங்களின் வித்தியாசத்தை மட்டுமே. பிரித்துப் பார்த்தபோது பின்னோக்கு ஓட்டமும் ஆக்சிஜனேற்றத் திசையிலேயே இருந்தது. அஸ்கார்பிக் அமிலம் மின்னணுக்களை இழந்தபின் நீரேற்றமடைந்து வேறு சேர்மமாகிவிடுவதால், திரும்பி வர எதுவும் மிச்சமில்லை. கழித்தபோது முகடு சற்றுக் குறைந்ததே தவிர அதன் வடிவம் கெடவில்லை. மீள்வினையாக இருந்தால் இரண்டும் எதிரெதிர்க் குறியில் நின்று, வித்தியாசம் முன்னோக்கு ஓட்டத்தைவிடப் பெரிதாகியிருக்கும்.

மறுமொழி (உயிர் உணரி ஆய்வாளர்)

அதிர்வெண் எப்போதும் பகையல்ல என்பதற்காக ஒரு வரி. தங்கத்தின் மேல் கட்டிய டி.என்.ஏ. இழையின் முனையில் மெத்திலீன் நீலத்தை இணைத்த உணரிகளில், இலக்கு மூலக்கூறு வந்து பிணையும்போது மின்னணுப் பரிமாற்றத்தின் வேகம் மாறுகிறது. ஆகவே ஒரே உணரி உயர்ந்த அதிர்வெண்ணில் முகட்டை உயர்த்தும், தாழ்ந்த அதிர்வெண்ணில் தாழ்த்தும். இரண்டையும் மாறி மாறி அளந்து கழித்தால், காலப்போக்கில் ஏற்படும் பொதுவான சரிவு பெருமளவு நீங்கிவிடுகிறது. முதன்முறை எதிர்த்திசையில் முகடு இறங்கியதைக் கண்டு நல்ல உணரி ஒன்றைக் குப்பையில் போட்டவன் நான்.

தொடக்கப் பகிர்வாளரின் பதில்

ஐயா சொன்னபடி பிஎச்சை அளந்தேன்; 4.5 அல்ல, 6-ஐத் தாண்டியிருந்தது. மிகுதூய அசிட்டிக் அமிலத்தையும் அம்மோனியாவையும் கொண்டு தாங்கலை நானே தயாரித்து, 0.1 மோலாருக்குத் திரும்பி, 25 ஹெர்ட்ஸில் அளந்தேன். முகடு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. முன்னோக்கு, பின்னோக்கு ஓட்டங்களையும் தனித்தனியே சேமித்திருக்கிறேன். அவை எதிரெதிர்க் குறியில் இருக்கின்றன. வெற்றுக் கரைசலில் இன்னும் மெல்லிய ஈய மேடு தெரிகிறது. இனி சந்தேகம் கண்ணாடிக் கலன்களின் மேல்தான்; இன்றிரவு அவற்றை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்திருக்கிறேன்.