புதுப்பிப்பு: 'குளோசா' இதழுக்குப் பணம் தருவது யார்?

வணிகப் பதிப்பகமான எல்செவியர் வெளியிட்டுவந்த 'லிங்குவா' மொழியியல் இதழின் 6 ஆசிரியர்களும் ஆசிரியர் குழுவினர் 31 பேரும் 2015-இல் கூண்டோடு விலகி, 'குளோசா' என்ற இதழைத் தொடங்கியது பற்றி முன்பு எழுதியிருந்தேன். புதிய இதழுக்கும் யாரோ பணம் தரத்தானே வேண்டும், அவர்கள் தலையிட மாட்டார்களா என்று பலர் கேட்டிருந்தீர்கள். மிகச் சரியான கேள்வி.

குளோசாவை இப்போது வெளியிடும் ஓப்பன் லைப்ரரி ஆஃப் ஹியூமானிட்டீஸ் என்ற அமைப்பு, பல நாடுகளின் பல்கலைக்கழக நூலகங்கள் ஆண்டுதோறும் தரும் பங்களிப்பில் இயங்குகிறது. கட்டுரையாளரிடமும் வாசகரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. செலவு பலரிடையே பகிரப்படுவதால், ஒரு நூலகம் விலகினாலும் இதழ் நின்றுவிடாது. அதைவிட முக்கியமாக, கட்டுரைகள் கூடினால் வருமானம் கூடும் என்ற கணக்கே இங்கு இல்லை. 2024-இல் வைலி நிறுவனத்தின் 'ஃபிலாசஃபி அண்ட் பப்ளிக் அஃபேர்ஸ்' என்ற தத்துவ இதழின் ஆசிரியர்கள் விலகி இதே அமைப்பை நாடியபோது, வணிகப் பதிப்பகங்களுக்கு இயன்றவரை அதிகக் கட்டுரைகளை வெளியிடும் ஆதாயத் தூண்டுதல் இருப்பதையே சுட்டிக்காட்டினர்.

இருந்தாலும், பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டிலும் இதழின் பெயர் யாருடைய உடைமை என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பெயர் எல்செவியரிடம் இருந்ததால்தான், ஆசிரியர்கள் அனைவரும் போன பிறகும் லிங்குவா வேறு ஆசிரியர்களுடன் தொடர்ந்தது. ஆகவே, இதழ் தொடங்க எண்ணும் அறிஞர் சங்கங்கள் பெயரின் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, அச்சிடும் பணியை மட்டும் பதிப்பகத்துக்கு ஒப்பந்தமாகத் தர வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.