சேய்ட்டான் பஞ்சு போல ஊதிவிடுகிறது, என்ன தவறு?

கேள்வி:
என் மகள் ஓராண்டாக இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடுவதில்லை. பருப்பும் சோயா உருண்டையும் அவளுக்கு அலுத்துவிட்டன. இறைச்சிக்குப் பதிலாகக் கோதுமைப் புரதத்தில் செய்யும் சேய்ட்டானைச் செய்து குருமாவில் போடலாம் என்று குளூட்டன் (கோதுமைப் புரதம்) தூள் வாங்கினேன். ஒரு கோப்பைத் தூளுக்கு முக்கால் கோப்பைத் தண்ணீர் விட்டு, சப்பாத்தி மாவைப் போலப் பதினைந்து நிமிடம் பிசைந்தேன். துண்டுகளாக்கி, தளதளவென்று கொதிக்கும் உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் வேகவிட்டேன். இரண்டு மடங்காக ஊதிவிட்டது. கடித்தால் ரப்பர் போல இழுக்கிறது. உள்ளே உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. இரண்டு முறை வீணாகிவிட்டது. என்ன செய்ய?

பதில் 1:
கொதிதான் ஊத வைக்கிறது, சகோதரி. தண்ணீர் துள்ளிக் கொதித்தால் துண்டுகள் நீரை வாங்கிப் பஞ்சாகிவிடும். இழுவைக்குக் காரணம் பிசைதல். சப்பாத்தி மாவில் மாவுச்சத்துதான் அதிகம். இந்தத் தூளில் முக்கால் பங்குக்குக் குறையாமல் புரதம். இரண்டு மூன்று நிமிடம் பிசைந்தாலே போதும்.

ஒரு கோப்பைத் தூளில் இரண்டு மேசைக்கரண்டி கடலை மாவு கலந்துகொள்ளுங்கள், மென்மை வரும். உப்பு, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, சோம்புப் பொடி எல்லாவற்றையும் பிசையும் தண்ணீரிலேயே கரைத்துவிட வேண்டும். வெந்த பிறகு மசாலா உள்ளே அவ்வளவாகப் போகாது. பத்து நிமிடம் ஊறவிட்டு, விரல் கனத்துக்குத் தட்டி, வாழை இலையில் சுற்றி இட்லிப் பானையில் அரை மணி நேரம் ஆவியில் வையுங்கள்.

பதில் 2:
தூள் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசியும் குளூட்டனை எடுக்கலாம்.

பதில் 3:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். முழுக் கோதுமை மாவில் தவிடு குளூட்டன் இழைகளை அறுத்துவிடும். அலசும்போது கையோடு கரைந்து போகும். மைதாவே ஏற்றது. உருண்டையைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் மூழ்க வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசினால், ஒரு கிலோவுக்கு ஏறத்தாழக் கால் கிலோ ஈரக் குளூட்டன் கிடைக்கும். அந்த வெள்ளைத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்! அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்பது போலத்தான் இதுவும். நம் வீடுகளில் பாலை வைத்துக்கொண்டு சக்கையை விட்டோம்; சீனர்கள் இழையை எடுத்து மியான்ஜின் என்று சமைத்தார்கள்.

கேட்டவர்:
முதல் பதிலில் சொன்னபடி இன்று செய்தேன். ஊதவில்லை, உள்ளேயும் உறைக்கிறது! ஆனால் வெட்டும்போது கொஞ்சம் பிசுபிசுக்கிறது.

பதில் 1:
சூட்டோடு வெட்டியிருப்பீர்கள். ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வெட்டுங்கள், இறுகி நார் நாராகப் பிரியும். பிறகு எண்ணெயில் வறுத்துக் குருமா இறக்கும்போது சேருங்கள். அன்று பருப்பும் ஒரு கரண்டி பரிமாறுங்கள். கோதுமைப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது சீலியாக் நோய் (குளூட்டன் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத நோய்) இருந்தால் அவர்களுக்கு இதில் ஒரு துண்டுகூடத் தரக் கூடாது.