பிளாசாவில் இன்னொரு கஞ்சாக் கடை, தடுக்க முடியாதா?

கேள்வி: கனடாவில் மிசிசாகாவில் இருக்கிறேன். எங்கள் பிளாசாவில் இடியப்பக் கடைக்கு இரண்டு கதவு தள்ளி, கண்ணாடியில் கஞ்சாக் கடை நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். எதிரே ஏற்கெனவே ஒன்று. 2018ல் நகரசபை வேண்டாம் என்றதே?

பதில் 1: அண்ணா, அது பழைய கதை. 2023 ஏப்ரலில் சம்மதித்துவிட்டார்கள். ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி ஒருமுறை சம்மதித்தால் பின்வாங்க முடியாது. லைசன்ஸ் கொடுப்பது மாகாணம். இதற்கென்று தனி சோனிங் (எந்தக் கடை எங்கே வரலாம் என்ற விதி) போடவும் நகரசபைக்கு அதிகாரமில்லை.

பதில் 2: 150 மீட்டருக்குள் பள்ளிக்கூடம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் லைசன்ஸ் கிடைக்காது. நோட்டீஸ் ஒட்டிய 15 நாளுக்குள் லைசன்ஸ் கொடுக்கும் மாகாண அமைப்பான ஏஜிசிஓவுக்கு (AGCO) ஆட்சேபம் எழுதலாம். வாடை, போட்டி என்றெல்லாம் புலம்பாமல் பிள்ளைகள் பாதுகாப்பைப் பற்றி எழுதுங்கள்.

கேட்டவர்: பள்ளி தூரம். மாடியில் டியூஷன் வகுப்பு நடக்கிறது, அது கணக்கில் வருமா?

பதில் 1: வராது அண்ணா.