வேர் ஓஎஸ்: 192 டிபி வட்டத் திரையில் தலைப்பு வெட்டுப்படுது, 227-ல் சரியா வருது. ஏன்?

கேள்வி:
கூகுளின் வாட்ச் இயங்குதளமான வேர் ஓஎஸ்-க்கு ஒரு ஆப். கம்போஸ் (திரையைக் கோடில் வடிவமைக்கும் கருவி), மெட்டீரியல் 3 (கூகுளின் வடிவமைப்பு முறை). மேலே "இன்றைய மருந்துகள்" என்று ஒரு தலைப்பு (சுமார் 125 டிபி நீளம்; டிபி என்பது பிக்சல் அடர்த்தியைச் சாராத அளவு), கீழே நாலு பட்டன். பேடிங் (விளிம்பில் விடும் இடைவெளி) பக்கத்துக்கு 24 டிபி, மேலே 20 டிபி. 192 டிபி எமுலேட்டரில் (கணினியில் ஓடும் போலி வாட்ச்) தலைப்பின் இரு முனையும் வெட்டுப்படுது, கடைசி பட்டன் பாதி மறையுது. பட்டனில் இரண்டாவது வரி வந்தால் எழுத்தின் கீழ்ப்பாதியைக் காணோம். சின்னத் திரைக்குத் தனி லேஅவுட் எழுதணுமா?

பதில் 1:
வேண்டாம். 192-ல் இரு பக்கப் பேடிங் 48 போனால் 144 மிச்சம் என்பது சதுரத்துக்கான கணக்கு. வட்டத்தில் ஆரம் 96. மேலிருந்து 20 டிபி இறங்கினால் மையத்துக்கு இன்னும் 76. அங்கே நாணின் (அந்த உயரத்தில் வட்டத்தின் குறுக்கே போகும் கோட்டின்) நீளம் 2 × √(96² − 76²), அதாவது 117.3 டிபி. 125 எப்படி நுழையும்? 227-லும் அதே இடத்தில் 128.7 தான், மயிரிழையில் தப்பிச்சிருக்கு. திரை 35 டிபி அகலமாகியும் மேலே கூடினது 11 சொச்சம்.

அதனால் நிலையான டிபி வேண்டாம், திரை அகலத்தில் சதவீதமா வையுங்க. மேலே 12% விட்டாலே 125 விளிம்பைத் தொட்டு நிற்கும். 14% விட்டால் 192-ல் 133, 227-ல் 157 கிடைக்கும். பட்டன்களுக்குப் பக்கவாட்டில் 5.2% போதும். 24 டிபி அங்கே இடத்தை வீணாக்குது.

பதில் 2:
கடைசி பட்டனுக்கு: பட்டியலை டிரான்ஸ்ஃபார்மிங் லேஸி காலமில் (வாட்சுக்கான உருளும் பட்டியல்) போட்டு, ஸ்கிரீன் ஸ்கஃபோல்ட் (திரையின் வெளிச் சட்டகம்) தரும் கன்டென்ட் பேடிங்கை அதற்குக் கடத்துங்க. பலரும் ஸ்கஃபோல்டை வைத்துவிட்டு இதைத்தான் விட்டுவிடுறாங்க. பட்டனுக்கு உயரம் 52 டிபி என்று பூட்டியிருப்பீங்க. அதைக் குறைந்தபட்ச உயரம் 52 என்று மாற்றினால் இரண்டாவது வரிக்குத் தானா வளரும். தமிழ் லேபிள் பெரும்பாலும் இரண்டு வரிக்குப் போகும் என்று வைத்தே வடிவமைக்கணும்.

கேட்டவர்:
இரண்டும் சரியாச்சு, நன்றி. ஆனால் பிரிவியூவில் (கோட் எழுதும்போதே தெரியும் முன்னோட்டம்) ஒரே வரியா நிற்கும் தலைப்பு, நிஜ வாட்சில் இரண்டாக மடங்குது. அதுவும் 192 தான்.

பதில் 1:
வாட்சின் அமைப்புகளில் எழுத்து அளவைப் பாருங்க. உச்சத்தில் 1.24 மடங்கு, 125 அப்போது 155 ஆகிவிடும், உங்களிடம் இருப்பது 133. எழுத்தை, பயனரின் அமைப்புக்கு மாறாத டிபியில் பூட்டித் தப்பிக்க நினைக்காதீங்க, பெரிதாக வேண்டும் என்றுதானே பயனர் மாற்றியிருக்கார். இரண்டு வரிக்கு அனுமதி கொடுத்து நடுவில் சீரமைங்க, அல்லது "மருந்துகள்" என்று சுருக்குங்க. வேர் பிரிவியூ டிவைசஸ், வேர் பிரிவியூ ஃபாண்ட் ஸ்கேல்ஸ் இரண்டு அனொட்டேஷனையும் (கோடில் சேர்க்கும் குறிப்பு) சேர்த்தால் இதெல்லாம் பிரிவியூவிலேயே தெரியும்.

பதில் 2:
பெரிய திரையில் மருந்து நேரத்தையும் காட்ட நினைத்தால் 225 டிபியை எல்லையா வையுங்க. வாட்ச் மாடல் பெயரைப் பார்த்துப் பிரிக்காதீங்க. ஒரே பெயரில் இரண்டு அளவு விற்கிறாங்க.